படியாள் முதல் ஒப்பந்தத் தொழிலாளர் வரை

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தனர். வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கோயில்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. கடலூரில் செயிண்ட் டேவிட் கோட்டை உண்டு. சிதம்பரத்தில் பொன்னம்பலம் உண்டு. அவற்றைப் பற்றி நூல்கள் பல வெளிவந்துள்ளன. ஆனால் இவ்வட்டாரத்து வயல்களில் சேறு மிதித்தவர்களும் நாற்று நட்டவர்களும் எந்த வயதில் வேலைக்கு வந்தனர், எதன்பேரில் வந்தனர், விரும்பியபோது விலகிச் செல்ல முடிந்ததா என்பனவற்றைக் கூறும் நூல்கள் மிகச் சில. நம் இளைஞர் முதலில் அறிய வேண்டிய வரலாறு இதுவே என்பது என் கருத்து.

இவ்வாறு கருதுவதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோர் பலர், "ஐயா, பையன் கம்பெனிக்குப் போகிறான், காலேஜில் மூன்று வருடம் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கின்றனர். வறுமையில் உழலும் குடும்பத்துக்கு முதல் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய பொருள் என்பதை அறியாதவன் அல்லன் நான். எனவே அக்கேள்வியை அலட்சியம் செய்தல் ஆகாது. அதற்குரிய விடையை அறிவுரையால் கூறுவதைவிட, நம் முன்னோர் நான்கு தலைமுறைகளாக வேலை தேடிய வரலாற்றால் கூறுவதே பொருந்தும்.

பிறப்போடு வந்த வேலை

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் நம் மக்களுள் பெரும்பாலோர் படியாட்களாகவே வாழ்ந்தனர். படிக்கணக்கில் தானியம் அளந்து பெற்று உழைக்கும் ஆள் என்பது அச்சொல்லின் பொருள். கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சைத் தரணியில் அவரையே பண்ணையாள் என்றனர். சிறுவன் எட்டு வயதில் மாடு மேய்க்கப் போவான். கூழும் பழந்துணியும் அவனுக்குக் கூலி. மீசை அரும்பும் வயதில் ஏர் பிடிப்பான். அவனுக்குத் திருமணம் வரும்போது தந்தை நிலவுடைமையாளரிடம் முன்பணம் பெறுவார். அக்கடன் தீரும்வரை மகனும் அதே வாசலில் நிற்க வேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்தும் அசல் தீராது. தந்தையின் கடன் மகன் தலையில் ஏறும். பெண்கள் நடவும் களையும் செய்வதோடு, வீட்டுக்காரரின் தொழுவத்தையும் கூட்டிப் பெருக்கி வர வேண்டும். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், இந்தியாவில் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் தடுத்தது விற்பனையை மட்டுமே. கடனால் கட்டுதலை அது தடுக்கவில்லை. மாறாக, 1859 ஆம் ஆண்டு வந்த மற்றொரு சட்டம், முன்பணம் பெற்று வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைத் தண்டிக்க இடம் தந்தது. அச்சட்டம் 1920களின் நடுப்பகுதி வரை உயிருடன் இருந்தது. அடிமை என்ற பெயர் மறைந்தது; முன்பணம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்நிலைக்கு அசைக்க முடியாத சான்று ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராகிய கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 ஆம் ஆண்டு தம் மாணவர்களைக் கொண்டு தமிழகச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்ந்து, 1918 இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியது. பெருநிலக்கிழார் ஒருவரின் குடும்பமே ஊரின் நிலத்தில் பெரும்பகுதியை ஆண்டதும், படியாட்கள் திருமணக் கடனால் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்ததும் அவ்வாய்வில் பதிவாயின. இவ்வூர் பின்னரும் பலமுறை ஆராயப்பட்டது. அது என்னவாயிற்று என்பதைப் பிற்பகுதியில் காண்போம்.

இவ்விடத்தில் திருநாளைப்போவார் வரலாற்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். கொள்ளிடக் கரையின் ஆதனூரில் பிறந்த நந்தனாரைப் பற்றிச் சேக்கிழார் பாடும்போது, அவரைத் தடுத்து நிறுத்தும் ஆண்டை எவரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான், சிதம்பரம் போக விடைகேட்டு வேதியர் முன் நிற்கும் பண்ணையாளாக நந்தனார் காட்சியளிக்கிறார். ஒரு நாள் விடுப்புக்கும் ஆண்டையின் சொல்லை எதிர்பார்த்து நின்ற உழவுத் தொழிலாளரின் வாழ்வு, அக்காலப் புலவரின் படைப்பில் தானே வந்து பதிந்துவிட்டது எனலாம்.

கப்பல் ஏறிய இளைஞர்

விடை கேட்டால் கிடைக்காது என்று அறிந்தவர்கள் விடை கேளாமலே புறப்பட்டனர். அவர்களுக்கு அன்று திறந்திருந்த வழி கடல்.

1848 இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாது போகவே, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள்கட்டும் நிலையங்கள் தோன்றின. 1853 இல் மார்த்தினிக்குத் தீவுக்கும், 1854 இல் குவாதலூப்புத் தீவுக்கும் முதல் கப்பல்கள் சென்றடைந்தன. ரீயூனியன் தீவுக்கும் நம்மவர் பலர் சென்றனர். புதுச்சேரியிலிருந்து கடலூர் ஏறக்குறைய இருபது கல் தொலைவுக்குள் இருப்பதையும், காரைக்காலிலிருந்து கொள்ளிடக் கரை எட்டும் தூரத்தில் இருப்பதையும் எண்ணினால், அக்கப்பல்களில் எவ்வூர்ப் பிள்ளைகள் ஏறினர் என்பதை ஊகித்தல் எளிது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் சென்றோரும் உண்டு.

அடுத்த அலை மலேயாவையும் பர்மாவையும் இலங்கையையும் நோக்கி எழுந்தது. மலேயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் முடிவுக்கு வந்தபின், ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் வேலையைக் கங்காணிகள் மேற்கொண்டனர். கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து, உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்வார். கப்பற்செலவும் கைச்செலவும் முன்பணமாகத் தரப்படும். படியாளின் கடன் ஒருவகை என்றால், கங்காணியின் கடன் மற்றொரு வகை. இரண்டிலும் கணக்குப் புத்தகம் மற்றவர் கையில்தான் இருந்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தோட்டத்தில் கூலி நாணயமாகக் கிடைத்தது. மிச்சம் பிடித்து ஊர் திரும்பிய சிலர் ஓரேர் நிலம் வாங்கினர். சிலர் ஓட்டுவீடு கட்டினர். சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். எல்லாவற்றினும் மேலாக, செருப்பு அணிந்து, மேல்சட்டை போட்டு, நிமிர்ந்து நடக்கும் பழக்கத்தை அவர்கள் கொண்டுவந்தனர். திரும்பாமல் போனவர் தொகையோ பெரிது. 1938 சூனில் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. 1942 இல் சப்பானியர் படையெடுப்பால் பர்மாவிலிருந்து பல்லாயிரவர் நடந்தே திரும்பினர்; வழியில் மாண்டோர் பலர். மலேயாத் தோட்டங்களிலிருந்த தமிழ் இளைஞர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தனர். கடல்வழி அத்துடன் அடைபட்டது.

ஆலையும் இருப்புப்பாதையும்

உள்ளூரில் ஆலைகளே இல்லையா என்று சிலர் வினவலாம். உண்டு. தமிழகத்தின் தொழில் வரலாற்றில் இம்மாவட்டத்துக்கு முந்திய இடமே உண்டு. பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830 ஆம் ஆண்டில் இரும்பு உருக்காலை அமைத்தார். சேலத்துக் கனிமம் அங்கே கொண்டுவரப்பட்டு மரக்கரியால் உருக்கப்பட்டது. காடுகள் அழிந்து கரி கிடைக்காமற்போனதும், இங்கிலாந்திலிருந்து இரும்பு மலிவாக வந்திறங்கியதும் அவ்வாலை நலிவதற்குக் காரணங்களாயின. அந்நூற்றாண்டு முடியுமுன்பே அது மூடப்பட்டது. நெல்லிக்குப்பத்தில் 1840களில் தொடங்கிய பாரி நிறுவனச் சர்க்கரை ஆலையோ இன்றளவும் இயங்குகிறது. 1870களில் தென்னிந்திய இருப்புப்பாதை கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சையை நோக்கிச் சென்றது.

இவையெல்லாம் நம் மக்களுக்கு அளித்தது பெரும்பாலும் சுமை தூக்கும் வேலையே. மண் வெட்டுதல், கல் சுமத்தல், கரும்பு வெட்டுதல், மூட்டை ஏற்றுதல் ஆகியவற்றுக்கு எழுத்தறிவு வேண்டா. எழுத்தறிவு வேண்டிய இடங்களிலோ நம்மவர் இல்லை. ஆலை வாயிலுக்கு உள்ளே ஒருவன் நிலைத்து நிற்க வேண்டுமானால் அவன் கையில் ஏதேனும் ஒரு தாள் இருந்தாக வேண்டும். அத்தாளைத் தரும் இடம் பள்ளிக்கூடம். அது நம் தெருவில் இல்லை.

நந்தனார் பள்ளியும் சான்றிதழும்

இக்குறையை உணர்ந்து செயலாற்றியவர் சுவாமி சகஜானந்தர். 1890 சனவரி 27 இல் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த அடிகளார், துறவு பூண்டு சிதம்பரத்தை அடைந்தார். 1916 ஆம் ஆண்டு அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்துப் பள்ளியைத் தொடங்கினார். ஸ்லேட்டரின் மாணவர்கள் இருவேல்பட்டில் படியாட்களைக் கணக்கெடுத்த அதே ஆண்டு அது என்பதைக் கருத்திற் கொள்க. ஒருபுறம் நம் மக்கள் கட்டுண்ட நிலை ஏட்டில் ஏறிற்று. மறுபுறம் அக்கட்டை அறுக்கும் கருவி சிதம்பரத்தில் உருவாயிற்று.

அடிகளார் விடுதியும் நடத்தினார். இது சிறு செய்தியன்று. மாடு மேய்க்கும் சிறுவன் பகலில் பள்ளிக்கு வந்தாலும், மாலையில் ஊருக்குத் திரும்பினால் விடியற்காலை ஆண்டையின் ஆள் வந்து அழைத்துச் செல்வான். விடுதியில் தங்கினாலன்றி அவன் படிப்பு நிலைக்காது. சோறும் இடமும் தந்து, ஊரிலிருந்து பிரித்து வைத்ததனால்தான் அம்மாணவர்கள் படித்துத் தேறினர். ஆசிரியராகவும் எழுத்தராகவும் காவலராகவும் இரயில்வே ஊழியராகவும் நம்மவர் சென்றது இத்தகைய பள்ளிகளின் பயனாகும். அடிகளார் சட்டமன்றத்திலும் இருந்து நம் மக்களுக்காக உழைத்து, 1959 மே முதல் நாள் மறைந்தார். உழைப்பாளர் திருநாளில் அவர் மறைந்தது பொருத்தமே எனத் தோன்றுகிறது.

அரசின் முயற்சியும் இதற்குத் துணை நின்றது. 1920களில் லேபர் இலாகாவின் பொறுப்பில் நம் தெருக்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. முதியோர் அவற்றை லேபர் பள்ளிக்கூடம் என்றே அழைப்பர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம் அதுவே. கல்வியைக் கவனிக்கும் துறைக்கே தொழிலாளர் துறை என்று பெயரிட்டிருந்தனர்! நம் பிள்ளையை மாணவன் என்று காணுமுன் கூலியாள் என்றே ஆட்சி கண்டது என்பதற்கு இப்பெயரே சான்று.

விடுதலைக்குப் பின் காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து எழுந்த தலைவர் எல். இளையபெருமாள் 1952 முதற்பொதுத் தேர்தலில் நாடாளுமன்றம் புகுந்தார். தீண்டாமையையும் தாழ்த்தப்பட்டோரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய 1965 இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். நாடு முழுவதும் ஆராய்ந்த அக்குழு 1969 இல் தன் அறிக்கையை அளித்தது. கொள்ளிடக் கரையின் உழவுத் தொழிலாளர் துயரை அறிந்த ஒருவர், இந்தியா முழுமைக்குமாகப் பேசிய நிகழ்ச்சி அது.

நெய்வேலியின் சங்கொலி

1930களில் நெய்வேலியில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956 நவம்பர் 14 இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றினாலன்றி நிலக்கரியை எட்ட முடியாத நிலை. அவ்வாறே செய்து 1961 இல் நிலக்கரியைக் கண்டனர். 1962 இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல் மின் நிலையம் மின்சாரம் வழங்கியது.

இந்நிறுவனம் நம் இளைஞர் வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம். பொதுத்துறை நிறுவனம் ஆதலின் இட ஒதுக்கீடு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, வரிசைப்படி அழைப்பு வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழோ தொழிற்பயிற்சிச் சான்றிதழோ உடையவன் நியமன ஆணை பெறுவான். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, மருத்துவமனை, குடியிருப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகிய அனைத்தும் அந்த ஒரு தாளோடு வந்தன. படியாளின் மகன் சங்கொலி கேட்டு வேலைக்குச் சென்று சங்கொலி கேட்டு வீடு திரும்பினான். இடைப்பட்ட நேரம் நிறுவனத்தினுடையது. எஞ்சிய நேரம் அவனுடையது. இவ்வுரிமை அவன் தந்தைக்கு இல்லை.

மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாதாரருக்கே கிடைத்தது. அந்நிலத்தில் உழைத்துப் பிழைத்த நிலமற்ற கூலிகளுக்குப் போனது வேலை, வந்தது சிறிது. அவர்களுள் படிப்பில்லாதோர் நிறுவனத்தின் நிரந்தர ஊழியராக முடியவில்லை. நிலத்தையும் வேலையையும் ஒருங்கே இழந்தோரின் பிள்ளைகளே பிற்காலத்தில் ஒப்பந்தத் தொழிலாளராய் அச்சுரங்க வாயிலில் வரிசையில் நின்றனர்.

படியாள் முறை மறைந்த விதம்

இனி இருவேல்பட்டுக்குத் திரும்புவோம். 1930களில் பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணன் ஆகியோரின் பொறுப்பில் அவ்வூர் மறு ஆய்வுக்கு உட்பட்டது. 1981 இல் எஸ். குகனும் சோன் மென்ச்சரும் ஆராய்ந்தனர். 2008 இல் சான் ஆரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்தனர். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் ஓர் ஊரின் வாழ்வை இவ்வளவு தொடர்ச்சியாகக் கண்ட ஆய்வு இந்தியாவில் அரிது. படிப்படியாய்க் குறைந்துவந்த படியாள் முறை 2008 ஆய்வின்போது மறைந்திருந்தது. பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்திருந்தது. நம் மக்கள் வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதும், நியாயவிலைக் கடை அரிசியும் ஊரக வேலைத் திட்டமும் அவர்களுக்குத் துணை நின்றதும் இதற்குக் காரணங்கள் என்று ஆய்வாளர் கண்டனர்.

சட்டங்களும் இதில் பங்காற்றின. 1952 இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கென இயற்றப்பட்டது; ஆற்றின் இக்கரையிலிருந்த நம் படியாட்களுக்கு அதன் காப்பு கிட்டவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் நாற்பத்து நால்வர் தீக்கிரையானபின், கூலிக்குப் போராடுதல் எத்துணைக் கொடிய விளைவைத் தரக்கூடும் என்பதை நாடு கண்டது. 1976 இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, கொத்தடிமைக் கடன்கள் அனைத்தும் செல்லாதவை என்று அறிவித்தது. 1982 இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டம், கூழுக்காக மாடு மேய்க்கப் போன சிறுவனைப் பள்ளிக்கு இழுத்தது. 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது கடலூர் மாவட்டமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற அத்திட்டம் வந்தபின், வயலுக்கு அழைப்பவரிடம் "என்ன கூலி?" என்று முதலில் கேட்கும் துணிவு நம் பெண்களுக்கு வந்தது.

ஒப்பந்தம் என்னும் புதிய கட்டு

இவ்வளவோடு வரலாறு முடிந்திருப்பின் மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் தொழில்களின் இயல்பு மாறிவிட்டது. 1980களில் கடலூருக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையோரம் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. சாயம், மருந்து, பூச்சிமருந்து ஆகியவற்றைச் செய்யும் இரசாயன ஆலைகள் அங்கே வந்தன. நிலைத்த ஊழியர் சிலர். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் பலர் என்பதே அங்குள்ள நடைமுறையாயிற்று. 2021 மே 13 இல் பூச்சிமருந்து ஆலையொன்றில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர்.

நெய்வேலியிலும் இம்மாற்றம் நேர்ந்தது. நிரந்தர ஊழியர் ஓய்வுபெற்ற இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் நிறைந்தனர். பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கோரி 2010, 2012, 2014 ஆம் ஆண்டுகளில் அவர்கள் நீண்ட வேலைநிறுத்தங்களை நடத்தினர். 2014 மார்ச்சு 17 இல் சுரங்கத்தருகே ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் பாதுகாப்புப் படைவீரரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். 2020 மே, சூலை மாதங்களில் அனல் மின் நிலையத்தில் நிகழ்ந்த கொதிகலன் விபத்துகளில் மாண்டோருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். ஒரே கொதிகலன் முன் நிற்கும் இருவருள் ஒருவருக்கு நியமன ஆணை உண்டு. மற்றவருக்கு வாயில் அனுமதிச் சீட்டு மட்டுமே உண்டு. வெப்பம் இருவருக்கும் ஒன்றுதான்.

சென்னைக்கருகே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் தோன்றிய தொழிற்சாலைகள் நம் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்பிள்ளைகளை, ஈர்த்தன. வயலை விட்டு மாதச் சம்பளத்துக்குச் சென்ற முதல் பெண் தலைமுறை அது. அதன் பெருமையைக் குறைத்து எண்ணலாகாது. ஆனால் 2006 இல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திச் சென்றவர்களுக்கு, அவ்வாலையில் கற்ற வேலை வேறெங்கும் உதவவில்லை. 2021 டிசம்பரில், மற்றோர் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதி உணவால் நோயுற்றபோது நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். அவர்களுள் பலர் முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்ற பெண்கள். ஆயினும் அவர்கள் உண்ணும் உணவும் உறங்கும் இடமும் ஒப்பந்தக்காரர் கையில் இருந்தன.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் செல்லும் நம் குடும்பங்களோ இன்றும் முன்பணம் பெற்றே செல்கின்றன. பிள்ளைகள் கூடவே செல்வதால் பருவம் முழுவதும் பள்ளியில் அவர்கள் இடம் காலியாகக் கிடக்கும். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் அச்சுழிகளைக் காணும்போது, 1859 ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்து மட்டுமே நீங்கியதோ என ஐயுற வேண்டியுள்ளது.

கடல்வழியும் மீண்டும் திறந்தது. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் நம் இளைஞர் செல்கின்றனர். 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் ஏற்படுத்திய முறைப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். தேறியவர்க்கு அது வேண்டுவதில்லை. ஆக, கடவுச்சீட்டிலேயே நம் பள்ளிப் படிப்பு பதிந்திருக்கிறது. அனுமதி பெற வேண்டியவரை முறையான அனுமதியின்றி வேறு விசாவில் அனுப்பும் முகவர், பழைய கங்காணியின் பேரனே ஆவார்.

வரலாறு கற்பிக்கும் பாடம்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை விளங்கும். உழவு, தோட்டம், இரும்பு, சர்க்கரை, நிலக்கரி, இரசாயனம், கைப்பேசி எனத் தொழில்கள் மாறிக்கொண்டே வந்தன. தொழில் மாறியதனால் மட்டும் நம் நிலை மாறவில்லை. தாள் வேலை கொடுப்பவர் கையில் இருந்தபோதெல்லாம் நாம் கட்டுண்டோம். தாள் நம் கையில் இருந்தபோது நிமிர்ந்தோம். கடன் பத்திரமும் கங்காணியின் கணக்கும் முதல் வகை. கல்விச் சான்றிதழும் நியமன ஆணையும் இரண்டாம் வகை.

எனவே "கம்பெனிக்குப் போகலாமா, படிக்கலாமா?" என்னும் கேள்விக்கு என் விடை இது. வேலைக்குப் போவது இழிவன்று. நம் முன்னோர் உழைப்பால்தான் நாம் இங்கு நிற்கிறோம். ஆனால் எங்குச் சென்றாலும் வாழ்நாள் முழுதும் உதவும் தாள் ஒன்றைக் கைக்கொண்டு செல்லுக. மூன்றாண்டுப் பட்டம் இயலாவிடின் கடலூர், சிதம்பரம், நெய்வேலி ஆகிய ஊர்களின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒரு தொழில் கற்க ஓரிரண்டு ஆண்டுகளே ஆகும். அச்சான்றிதழ் ஓர் ஆலை மூடினாலும் மற்றோர் ஆலையில் செல்லும். கடல் கடந்தும் செல்லும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியர்க்கு 2022 லும், மாணவர்க்கு 2024 லும் தொடங்கப்பெற்ற மாதம் 1000 ரூபாய் உதவித் திட்டங்கள், ஏழைப் பெற்றோரின் தயக்கத்தைப் போக்கவே வந்தவை.

வேலையில் சேர்ந்தோர் அறிய வேண்டியனவும் உண்டு. 2020 வாக்கில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளர் அனைவருக்கும் நியமனக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்கியுள்ளன. அத்தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்கு மாறுபட்ட கருத்துகள் உண்டு. எனினும் கேட்டுப் பெற வேண்டிய கடிதத்தைக் கேளாமல் விடுதல் அறிவுடைமை ஆகாது. வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்க எண் தன் பெயரில் உள்ளதா, மாதந்தோறும் பணம் சேர்கின்றதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அன்று படியாளுக்குத் தன் கணக்கைப் படிக்கத் தெரியாது. இன்று படிக்கத் தெரிந்தும் பாராமல் இருப்பது தகுமோ?

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி கடலூர் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் ஆதிதிராவிடர். இத்துணைப் பெரிய சமுதாயத்தின் இளைஞர் எங்கெங்கு, எந்நிலையில் வேலை செய்கின்றனர் என்பதற்கு நம்மிடம் ஒரு பதிவேடு இல்லை. நம் உறுப்பினர் குடும்பங்களிலிருந்தேனும் அதைத் தொடங்கலாம். பிள்ளையின் படிப்பு, வேலை செய்யும் ஊர், நிரந்தரமா ஒப்பந்தமா, நியமனக் கடிதம் உண்டா என்னும் நான்கு செய்திகள் போதும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து விண்ணப்பம் எழுதித் தரவும் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லவும் முன்வரலாம். சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையை ஊரிலேயே தங்க வைத்துப் படிக்கச் செய்ய ஒரு சிறு விடுதி அமைக்கலாம். அடிகளார் 1916 இல் செய்தது அதுவே.

ஸ்லேட்டரின் மாணவர்கள் நம்மைக் கணக்கெடுத்தனர். நம்மை நாமே கணக்கெடுக்கும் காலம் இது. பொன்விழா மலருக்கு இதே பொருளில் எழுதப்போகும் ஆசிரியர் அப்பதிவேட்டைக் கண்டு எழுதட்டும். அதில் ஒப்பந்தம் என்ற சொல் குறைந்தும், நிரந்தரம் என்ற சொல் மிகுந்தும் இருக்குமாறு செய்தல் இன்றைய இளைஞராகிய உங்கள் கையில் உள்ளது. கல்வி வளர்க! உழைப்பு உயர்க! நம் சங்கம் வாழ்க!